குழந்தை பட்டுப்புழுவோடு வீட்டுக்கு வந்தால்: முதல் இலையிலிருந்து கடைசி அந்துப்பூச்சி வரை

பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்துக் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மல்பெரித் தோட்டமும் அதன் ஓரத்தில் நிற்கும் புழு வளர்ப்பு மனையும் பழகிய காட்சிகள். தொழிற்சாலை வேலைக்காகவோ ஆசிரியர் பணிக்காகவோ வெளி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு அவை புதியவை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போன குழந்தை, சாப்பாட்டு டப்பாவுக்குள் இரண்டு இலைகளையும் அவற்றின்மேல் நெளியும் பத்துப் பதினைந்து வெள்ளைப் புழுக்களையும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது, அடுத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிவதில்லை. மாரண்டஹள்ளிக்கு அருகே நாங்கள் குடியிருந்த வீட்டில் அப்படித்தான் தொடங்கியது. அப்போது என் மகளுக்கு ஆறு வயது. முதல் முறை கொண்டுவந்த புழுக்கள் அனைத்தையும் என் அறியாமையால் இரண்டே நாளில் இழந்தோம். அதன்பின், புழு வளர்ப்பவர்களிடம் கேட்டும் அவர்கள் செய்வதைப் பார்த்தும் கற்றுக்கொண்டு, நான்கு முறை கூடு கட்டும் வரை வளர்த்திருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து, முதன்முறையாக இதைச் செய்யப்போகும் பெற்றோருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

டப்பாவைத் திறந்த முதல் ஒரு மணி நேரம்

முதலில், வந்திருப்பது பட்டுப்புழுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டுப்புழுவின் உடல் மென்மையாக, பாலாடை நிறத்தில், உறுத்தும் முடி ஏதுமின்றி இருக்கும். வால்பகுதியின் மேற்புறத்தில் சிறிய கொம்பு போன்ற நீட்சி ஒன்று உண்டு. இருபக்கங்களிலும் மூச்சுத் துளைகள் கரும்புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். அது கடிக்காது, கொட்டாது. உடலெங்கும் முடி அடர்ந்த கம்பளிப்பூச்சியாக இருந்தால் குழந்தையின் கையில் பட விடாமல் குச்சியால் எடுத்து வெளியே விட்டுவிடுங்கள். வந்திருப்பது பூச்சியே அல்லாமல் நட்சத்திர ஆமையாகவோ, பச்சைக்கிளிக் குஞ்சாகவோ, உடும்புக் குட்டியாகவோ, காட்டுமுயல் குட்டியாகவோ இருந்தால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதால், அன்றைக்கே வனத்துறையினரிடம் தெரிவித்து ஒப்படைத்துவிட வேண்டும். பட்டுப்புழுவுக்கு இந்தத் தடை கிடையாது.

தடை இல்லை என்பதால் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை கூடவே செய்கிறது. வேறு எந்தச் சிற்றுயிரையும் சலித்துப்போன பிறகு செடியில் விட்டுவிடலாம், அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கையிலேயே வளர்ந்து வந்த பட்டுப்புழுவுக்கு அந்த ஆற்றல் இல்லை. மல்பெரிச் செடியின் மீதே கொண்டுபோய் விட்டாலும், ஒரு கிளையின் இலை தீர்ந்ததும் அடுத்த கிளையைத் தேடிப் போகத் தெரியாமல், காற்றில் விழுந்தோ எறும்புக்கும் காக்கைக்கும் இரையாகியோ இறந்துபோகும். எனவே வாசலில் நிற்கும் குழந்தையிடம் "சரி, வைத்துக்கொள்" என்று சொல்வதற்கு முன், அடுத்த மூன்று வாரம் வரை நாள்தோறும் இலை போட உங்களால் முடியுமா என்பதை யோசித்துவிடுங்கள். முடியாதென்றால் அன்று மாலையே, புழுக்கள் எங்கிருந்து வந்தனவோ அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். ஒருமுறை வெளியே போன புழுவைப் பெரும்பாலும் அவர்கள் தங்கள் மனைக்குள் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். நோய் தொற்றிவிடும் என்ற அவர்களது அச்சம் நியாயமானது. ஆனால், வளர்த்துப் பழகிய வேறு வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

இன்னொன்றையும் அன்றைக்கே விசாரிக்க வேண்டும்: குழந்தை கேட்டு வாங்கியதா, கேட்காமல் எடுத்ததா என்று. இருநூறு முட்டைத் தொகுதி (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டைகள் சேர்ந்தது ஒரு தொகுதி) வளர்க்கும் விவசாயிக்குப் பத்துப் புழு போவது நட்டமாகாது. ஆனால் வெளியாள் ஒருவர் கைகால் கழுவாமல் மனைக்குள் நுழைந்தால் முழு வளர்ப்பும் நோயில் போய்விடக் கூடும். நான் மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தகவல் சொன்னபோது, பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா கோபிக்கவில்லை. "புழு வேணும்னா என்னைக் கேளு கண்ணு, நானே எடுத்துத் தாரேன். உள்ள மட்டும் வராத" என்றார். அதையே எங்கள் வீட்டின் விதியாக வைத்துக்கொண்டோம். வீட்டில் புழு வளர்க்கும் நாட்களில் நாங்கள் யாருமே அவர்களது மனைப் பக்கம் போவதில்லை.

இலை எங்கிருந்து வரும்

பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்றுதான் வளரும். பெரியவர்கள் முசுக்கொட்டை என்பதும் இதையேதான். முருங்கை, அகத்தி, முட்டைக்கோஸ் எதைப் போட்டாலும் அது பட்டினி கிடக்கும். ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் தின்னும் பட்டுப்புழு உண்டென்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்வது எரிப் பட்டுப்புழுவை. அது வேறு இனம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வீடுதோறும் வளர்வது மல்பெரிப் புழுதான்.

ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் பச்சை இலை ஏறத்தாழ 20 முதல் 25 கிராம். இருபது புழுவுக்குக் கணக்கிட்டால் அரைக் கிலோ வரும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசி ஒரே வாரத்தில் தின்னப்படும் என்பதைப் புதியவர்கள் அறியாமல், முதல் வாரத்தில் ஒரு கைப்பிடி இலை மூன்று நாளுக்கு வருவதைக் கண்டு "இவ்வளவுதானா" என்று எண்ணி ஐம்பது புழு வரை வாங்கிவிட்டு, பிறகு இரவில் டார்ச் விளக்கோடு இலை தேடி அலைகிறார்கள். வீணாவதையும் சேர்த்து, இருபது புழுவுக்குக் கடைசி வாரத்தில் நாளொன்றுக்கு 100 கிராம் இலை கையிருப்பில் இருக்க வேண்டும். முதன்முறை வளர்ப்பவர்கள் இருபதுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆறு வயதுக் குழந்தை எண்ணிப் பார்த்து, அடையாளம் கண்டு, பெயர் வைக்கக் கூடிய எண்ணிக்கையும் அதுவே.

மல்பெரி எங்கும் இருக்கிறதே என்று கண்ட செடியில் பறித்துவிடாதீர்கள். தக்காளியோ சாமந்தியோ பயிரிட்ட வயலை ஒட்டிய மல்பெரி வரிசையில், அங்கே அடித்த பூச்சிமருந்தின் சாரல் படிந்திருக்கும். இராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்தில் தக்காளி நிறைய விளைவதால் இது அடிக்கடி நேரும். மருந்து பட்ட இலையைத் தின்ற புழு வாயிலிருந்து பச்சை நீரைக் கக்கி, தலையை வலித்துச் சுழற்றி, சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். இயற்கை மருந்தென்று நம்பி 'பிவேரியா' தெளித்த தோட்டமும் ஆகாது. அந்தப் பூஞ்சணமே பட்டுப்புழுவுக்குச் சுண்ணாம்புக்கட்டி நோயைக் கொடுப்பது. நெடுஞ்சாலை ஓரத்துச் செடியிலும் கல்குவாரி அருகிலும் இலை தூசி படிந்திருக்கும், அதையும் தவிர்க்கவும். புழுக்களைக் கொடுத்த விவசாயியிடமே, அவர் தம் புழுக்களுக்குப் போடும் இலையில் கொஞ்சம் கேட்டு வாங்குவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

இலையைக் காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ பறித்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, மண்பானையிலோ குளிர்ந்த மூலையிலோ வைத்தால் ஒரு நாள் வாடாமல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் மூடிய டப்பாவில் வைக்கலாம். போடுவதற்கு அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து, மேலே படிந்த நீரைத் துடைத்துவிட வேண்டும். ஈர இலையைப் போடுவது, பழுத்து மஞ்சளான இலையைப் போடுவது ஆகிய இரண்டும் புழுவின் வயிற்றைக் கெடுக்கும். இலை துடைக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள்; என் மகள் ஒவ்வோர் இலையின் முதுகையும் வயிற்றையும் புரட்டிப் புரட்டித் துடைப்பாள்.

இடம், பெட்டி, வீட்டிலுள்ள நஞ்சுகள்

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி இருபது புழுவுக்குப் போதும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, மேலே காற்றுப் புகும் மெல்லிய துணியைக் கட்டுங்கள். பல்லி, எலி ஆகியவற்றிடமிருந்தும், வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரிதாகச் சாம்பல் நிறத்தில் வரும் ஊசி ஈயிடமிருந்தும் அந்தத் துணி காப்பாற்றும். ஊசி ஈ புழுவின் உடல்மேல் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு உள்ளே துளைத்துச் சென்று பட்டுப்புழுவைத் தின்னும். துளைத்த இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு தெரியும். எறும்புக்குப் பெட்டியை ஒரு செங்கல்மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் போதும். எறும்புச் சாக்பீஸால் கோடு கிழித்துவிடாதீர்கள்; அது பூச்சிகளைக் கொல்லும் மருந்து, எறும்பு எது, பட்டுப்புழு எது என்று அதற்குத் தெரியாது.

எங்கள் முதல் புழுக்கள் இறந்தது இதைப் போன்ற ஒன்றால்தான். மின்விசையில் செருகும் கொசு விரட்டித் திரவத்தை இரவு வழக்கம்போல் போட்டுவிட்டு, அதே அறையில் பெட்டியை வைத்திருந்தேன். காலையில் பாதிப் புழுக்கள் சுருங்கிக் கிடந்தன. மீதி அன்று மாலைக்குள் போய்விட்டன. கொசுவை விழச் செய்யும் மருந்து புழுவையும் விழச் செய்யும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மகள் அவற்றை எழுப்பப் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது. ஆகவே புழு இருக்கும் அறையில் கொசுச் சுருள், திரவம், கரப்பான் தெளிப்பான், வாசனைத் தெளிப்பான், சாம்பிராணிப் புகை எதுவும் கூடாது. கொசுவலை கட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். அந்த வலையும் மருந்தேற்றியதாக இருந்தால் அதன் துண்டைப் பெட்டிக்கு மூடியாகப் பயன்படுத்தாதீர்கள். புகையிலை போடுபவரும் பீடி, சிகரெட் பிடிப்பவரும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் இலையைத் தொடக் கூடாது. பெரிய வளர்ப்பு மனைகளிலும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, வளர்ந்த புழுவுக்கு 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் ஏற்றது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி கவலை இல்லை. மார்கழி இரவுகளில் மட்டும் பெட்டியை உள்ளறைக்கு மாற்றினால் போதும். தருமபுரி, காவேரிப்பட்டணம் பக்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் வளர்ப்பது கடினம். ஓட்டு வீடோ தரைத்தளத்து வடக்கு அறையோ இருந்தால், பெட்டியைச் சுற்றி நனைத்த கோணியைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம். மேல்மாடித் தகரக் கூரைக்கடியில் குடியிருப்பவர்கள் கோடையில் இதைத் தொடங்கவே வேண்டாம். ஆடி வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஏமாற்றமாக இருந்தாலும், வெந்து சாகும் புழுக்களைப் பார்ப்பதைவிட அது மேல்.

அன்றாட வேலை

விவசாயிகள் பெரும்பாலும் இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து, இரண்டு தோல் உரித்த புழுக்களாக வாங்கி வருகிறார்கள். முட்டையிலிருந்து வந்த முதல் வாரம் வெப்பமும் ஈரப்பதமும் துளி பிசகாமல் பார்க்க வேண்டியது. அது அந்த மையங்களின் வேலை. ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தைப் பருவம் என்பார்கள்; மொத்தம் ஐந்து பருவங்கள். ஆகவே உங்கள் குழந்தை கொண்டுவருவது மூன்றாம் பருவத்துக்கோ அதற்குப் பிந்தைய பருவங்களுக்கோ உரிய புழுவாகவே இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளமென்றால் மூன்றாம் பருவம். அங்கிருந்து கூடு கட்ட இரண்டரை வாரம் ஆகும். நான்கரை சென்டிமீட்டருக்கு மேலென்றால் ஐந்தாம் பருவம். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை இலை. மூன்றாம் பருவத்தில் கொழுந்தை அடுத்த மெல்லிய இலைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்துப் போடவும். நான்காம் பருவம் முதல் முழு இலையாகவே போடலாம். இரவு வேளை பத்து மணி வாக்கில் வருவதால் அது பெரியவர்களின் பொறுப்பு. குழந்தை தூங்கிய பிறகு நீங்கள் அந்த வேலையைச் செய்யும்போது, அமைதியான அறையில் ஐந்தாம் பருவப் புழுக்கள் இலை கடிக்கும் ஓசை தூறல் விழுவதைப் போலக் கேட்கும். ஒரு நாளாவது குழந்தையை எழுப்பி அதைக் கேட்க வையுங்கள்.

புழுவைக் கையால் இழுத்து எடுக்கக் கூடாது. அதன் வயிற்றுக் கால்கள் இலையை இறுகப் பற்றியிருக்கும், இழுத்தால் கிழியும். சிறு புழுவை நகர்த்த விவசாயிகள் கோழி இறகைப் பயன்படுத்துவார்கள். வீட்டிலும் அதுவே நல்லது. பெட்டியைச் சுத்தம் செய்ய, நன்றாகக் கழுவிக் காயவைத்த வெங்காய மூட்டை வலையில் ஒரு துண்டை வெட்டிப் புழுக்களின்மேல் விரித்து, அதன்மீது புது இலையைப் போட்டால், அரைமணி நேரத்தில் எல்லாம் வலைக்கு மேலே ஏறி வந்துவிடும். வலையோடு தூக்கி வைத்துவிட்டு, அடியிலுள்ள காய்ந்த இலையையும் எச்சத்தையும் அப்புறப்படுத்தலாம். முன்பருவங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஐந்தாம் பருவத்தில் நாள்தோறும் இதைச் செய்ய வேண்டும். புழு நோயின்றி இருந்தால், அந்த எச்சம் பூந்தொட்டிகளுக்கு நல்ல உரம்.

தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். முன்னால் கழுவுவது புழுவுக்காக, பின்னால் கழுவுவது குழந்தைக்காக. முகப்பவுடர், கொசுக்கடி களிம்பு பூசிய கையோடு தொட விடாதீர்கள். மூச்சிரைப்பு உள்ள குழந்தையாக இருந்தால், பின்னால் வரப்போகும் அந்துப்பூச்சியின் செதில் தூள் அதைத் தூண்டக் கூடும் என்பதால், கூடு கட்டிய பிறகு பெட்டியை வீட்டுக்கு வெளியே நிழலான தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

தோலுரிக்கும் நாள்

பெரும்பாலான வீடுகளில் பதற்றம் வருவது இந்த நாளில்தான். நேற்று வரை தின்றுகொண்டிருந்த புழுக்கள் இலையைத் தொடாமல், தலையைத் தூக்கியபடி, அசையாமல் நிற்கும். தோல் விறைத்துப் பளபளக்கும். உடலோடு ஒப்பிட்டால் தலை மிகச் சிறிதாகத் தெரியும். இறந்துவிட்டதென்று எண்ணித் தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். அது தோலுரிப்புக்கு அமர்ந்திருக்கிறது. புழு தன் வாழ்நாளில் நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ ஆகும். அந்நேரத்தில் அது பட்டு இழையால் தன் கால்களைப் படுக்கையோடு கட்டிக்கொண்டிருக்கும். நகர்த்தினால் பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.

எனவே இலை போடாமல், தொடாமல், படுக்கையை உலர்வாக வைத்துக் காத்திருங்கள். விவசாயிகள் இப்போது நீற்றிய சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவுவார்கள். இருபது புழுவுக்கு அது அவசியமில்லை. தலை பெரிதாகவும் தோல் தளர்ந்து மங்கலாகவும் தெரிந்தால் தோலுரிப்பு முடிந்தது. எல்லாப் புழுக்களும் எழும்வரை பொறுத்து, அதன்பின் ஒரே நேரத்தில் இலை போடவும். முதலில் எழுந்தவற்றுக்கு முந்திக்கொண்டு போட்டால் வளர்ச்சி முன்பின்னாகி, கடைசியில் சில கூடு கட்டும்போது மற்றவை இன்னும் தின்றுகொண்டிருக்கும். உரித்த தோலையும், குண்டூசித் தலை அளவுள்ள பழைய முகமூடியையும் குழந்தை தேடி எடுத்து நோட்டில் ஒட்டி வைக்கலாம்.

நோய் வந்தால்

கணுக்கள் வீங்கி, பால் போன்ற நீர் கசிய, பெட்டியின் விளிம்பில் ஓயாமல் அலையும் புழுவுக்கு வந்திருப்பது பால்நோய். அது வைரஸால் வருவது, மருந்தில்லை. விறைத்துச் சுண்ணாம்புத் துண்டாக மாறினால் சுண்ணாம்புக்கட்டி நோய். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மிகுதியாக வரும். தொளதொளவென்று தளர்ந்து கறுத்தால் வயிறு கெட்டிருக்கிறது. இலையையும் வெப்பத்தையும் சரிபாருங்கள். மூன்றிலும் செய்ய வேண்டியது ஒன்றே: நோயுற்ற புழுவைக் காகிதத்தால் எடுத்து எரித்துவிட வேண்டும், அல்லது சுண்ணாம்புத் தூளிட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். மல்பெரித் தோட்டத்திலோ வாய்க்காலிலோ எறிந்துவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு பெட்டி. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இரண்டு மாதச் சாப்பாடு.

ஒன்றிரண்டு புழு எப்படியும் சாகும். குழந்தை தூங்கும்போது எடுத்து எறிந்துவிட்டு எண்ணிக்கையை மாற்றிச் சொல்வது எளிது. நான் ஒருமுறை அப்படிச் செய்து, மறுநாள் அவள் எண்ணிப் பார்த்துப் பதினெட்டுதான் இருக்கிறதென்று அழுதபோது வருந்தினேன். இறந்ததைக் காட்டி, ஏன் இறந்ததென்று தெரிந்தவரை சொல்லிவிடுவது நல்லது.

பழுத்த புழுவும் கூடும்

ஐந்தாம் பருவத்தின் ஏழாம் நாள் வாக்கில் புழு தின்பதை நிறுத்தும். முட்டையிலிருந்து வந்தபோது 3 மில்லிமீட்டர் இருந்தது, இப்போது ஏழெட்டு சென்டிமீட்டர் வந்திருக்கும். எடை ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு கூடியிருக்கும். பிறகு உடல் சற்றுச் சுருங்கி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மஞ்சள் நிறம் பெற்று, கடைசியாக ஈரமான எச்சமிட்டு, தலையைத் தூக்கி இடம் தேடும். இதையே புழு பழுத்துவிட்டது என்கிறார்கள். பழுத்த புழுவைச் சில மணி நேரத்துக்குள் கூடு கட்டும் இடத்தில் விட்டுவிட வேண்டும். தாமதித்தால் பெட்டி மூலையிலும் துணி மடிப்பிலும் நூலை வீணாக்கும்.

இதற்கு விவசாயிகள் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டையோ நெட்ரிகா என்னும் பிளாஸ்டிக் வலைத் தாங்கியையோ பயன்படுத்துவார்கள். வீட்டுக்கு முட்டை வாங்கிய அட்டைத் தட்டு போதும்: ஒரு குழிக்கு ஒரு புழு. இரண்டை ஒரே குழியில் விட்டால் சேர்ந்து ஒரே கூடாகக் கட்டிவிடும். தட்டின் அடியில் செய்தித்தாளைப் போட்டு, காற்றோட்டமான, நேரடி வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். முதல் ஓரிரு மணி நேரம் மெல்லிய வலை போன்ற தாங்கு நூலைக் கட்டிய பிறகு, தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி உள்ளே சுவரை எழுப்பத் தொடங்கும். முதல் நாள் முழுவதும் உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். இரண்டு மூன்று நாளில் கூடு முடிந்துவிடும். நம் பக்கத்தில் இப்போது அதிகம் வளரும் வெண்பட்டு இனத்தில் ஒரு கூட்டின் நூல் அறுபடாமல் ஆயிரம் மீட்டர் வரையும் அதற்கு மேலும் போகும். கூடு கட்டும் நாட்களில் தட்டை அசைக்காதீர்கள். உள்ளே புழு கூட்டுப்புழுவாக மாறித் தோல் இறுகுவதற்கு இன்னும் சில நாள் ஆகும் என்பதால், ஒரு வாரம் கழித்தே கூட்டைப் பிரித்தெடுக்க வேண்டும்.

கூட்டைக் கையில் எடுக்கும் முன் பேச வேண்டியது

"இதிலிருந்து சேலை எப்படி வரும்?" என்று குழந்தை கேட்கும். இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் புழு வளர்க்கத் தொடங்க வேண்டாம் என்பேன். தருமபுரியில் இருக்கும் அரசு பட்டுக்கூடு அங்காடியில் விவசாயிகள் கொண்டுவரும் கூடுகளை நூற்பாளர்கள் ஏலத்தில் எடுக்கிறார்கள். பூச்சி வெளிவந்தால் கூடு துளைபட்டு நூல் அறுந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே வெப்பத்தில் உள்ளிருப்பதைக் கொன்று, வெந்நீரில் இட்டு நூலைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஏறத்தாழ 6 முதல் 7 கிலோ கூடு வேண்டும். இதைத்தான் நான் மகளிடம் சொன்னேன், வார்த்தைகளை மட்டும் சிறிதாக்கி. கொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று அவள் முடிவு கட்டிவிடக் கூடாதென்று, அந்தக் கூட்டில்தான் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நம்மளுது மட்டும் வெளிய வரட்டும்மா" என்றாள். அப்படியே செய்தோம்.

வீட்டில் நூல் எடுத்துக் காட்ட வேண்டுமென்றால், விவசாயியிடம் விலைபோகாத கூடு ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். குழந்தை பெயர் வைத்து வளர்த்த புழுவின் கூட்டை வெந்நீரில் போடாதீர்கள்.

அந்துப்பூச்சியும் முட்டையும்

கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு வாரம் கழித்து, பெரும்பாலும் விடியற்காலையில், ஒருவகை நீரால் கூட்டின் முனையை இளக்கிக்கொண்டு பூச்சி வெளியே வரும். வெள்ளையாக, ஈரமாக, கசங்கிய சிறகோடு இருக்கும்; ஒரு மணி நேரத்தில் சிறகு விரியும். ஆனால் பறக்காது. வாய் செயல்படாததால் எதுவும் உண்ணாது. தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைக்கத் தேவையில்லை. சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது ஆண். பருத்த வயிற்றோடு ஓரிடத்தில் அமர்ந்திருப்பது பெண். பெண்ணின் உடலிலிருந்து பரவும் ஒருவகை வாசனைப் பொருளே ஆணை அப்படி அலையச் செய்கிறது. பூச்சிகளின் இத்தகைய வாசனைப் பொருள்களில் முதன்முதலாக 1959இல் பிரித்தறியப்பட்டது இந்தப் பட்டுப்பூச்சியினுடையதுதான். ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லாம் இறந்துவிடும். இதைக் குழந்தைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ஒரு பெண் பூச்சி 400 முதல் 500 முட்டை வரை இடும். இதில்தான் கண்டிப்பு தேவை. சில முட்டைகள் பத்து நாளில் பொரித்து, ஐந்நூறு வாய்க்கு இலை கேட்கும்; சில கருஞ்சாம்பல் நிறமாகி மாதக்கணக்கில் உறங்கும். தவிர, பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். 1865 முதல் சில ஆண்டுகள் பிரான்சில் இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோயற்றதன் முட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். இன்றும் முட்டை உற்பத்தி நிலையங்களில் அவ்வாறே சோதிக்கிறார்கள். சோதிக்காத வீட்டு முட்டையை யாருக்கும் அன்பளிப்பாகக்கூடக் கொடுக்காதீர்கள். ஆண் பெண் சேராமல் இருக்க ஒவ்வொரு கூட்டையும் தனித்தனிக் காகிதக் கோப்பையில் வைக்கலாம்; சேராத பெண் இடும் முட்டை மஞ்சளாகவே இருந்து சுருங்கிப்போகும். நாங்கள் ஒரு சோடியை மட்டும் சேரவிட்டு, முட்டையிட்ட காகிதத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகு, மூன்றாம் நாள் கொதிநீரில் போட்டுவிட்டோம்.

துளைபட்ட கூடுகளைக் குழந்தை வைத்துக்கொள்ளட்டும். அவற்றை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தினால் பூச்சி அரிக்காது. அட்டைப்பெட்டியையும் முட்டைத் தட்டையும் எரித்துவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து நெட்ரிகா இரவல் வாங்கியிருந்தால், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவி, நாள் முழுதும் வெயிலில் காயவைத்து, மனைக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, கழுவித்தான் கொண்டுவந்தோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.